கோஸ்தீலை 'வீணாய்ப் போன கீப்பர்' என்று சொல்லலாமா?

கேள்வி: ஒரு வாசகர், பிப்ரவரி 9

பெனுவா கோஸ்தீல் என்று ஒரு பிரெஞ்சு கோல்கீப்பர். எட்டு கிளப் மாறியிருக்கிறார். பிரான்ஸ் அணிக்கு ஆடியது ஒரே ஒரு மேட்ச். பெரிய கோப்பை ஒன்றும் கையில் இல்லை. திறமை இருந்தும் வீணாய்ப் போன ஆள் என்றுதான் எனக்குப் படுகிறது. இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

பிப்ரவரி 9, இரவு

நான் சொல்கிறேன், இல்லை. 2012 முதல் 2014 வரை ரென் நகரில் படித்தவன் நான். காரைக்காலில் இருந்து போனவன். மாமா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று அங்கேயே தங்கிவிட்ட சொல்தா. அவர்தான் என்னை முதல்முறை மைதானத்துக்கு அழைத்துப் போனார். அன்று கோலில் நின்றவர் கோஸ்தீல். அதனால் இதை நான் சும்மா விட முடியாது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 1987 ஜூலை 3 அன்று கான் நகரில் பிறந்தவர். திரைப்பட விழா நடக்கும் கான் அல்ல, வடக்கே நோர்மாந்தியில் இருக்கும் கான். அந்த ஊர் கிளப்பிலேயே வளர்ந்தார். அங்கே இடம் திறக்காததால் 2008இல் வான் என்ற சின்ன கிளப்புக்கு ஒரு சீசன் கடனாகப் போனார். பிறகு செதான், இரண்டு வருடம், இரண்டாம் டிவிஷன். 2011இல் ரென். 2017இல் பொர்தோ. 2022இல் ஓசேர், அதே கோடை முடிவதற்குள் லீல். 2023இல் இத்தாலியின் சலெர்னித்தானா. இதில் ரென்னும் பொர்தோவும் சேர்ந்தாலே பதினோரு சீசன், எல்லாம் பிரான்சின் முதல் டிவிஷனில். எட்டு கிளப் என்றதும் ஊர் ஊராக அலைந்த ஆள் போலத் தெரிகிறது. உண்மையில் நடுவில் இரண்டு நீண்ட வாசம், முன்னும் பின்னும் சில்லறைப் பயணங்கள்.

கோப்பை இல்லை என்பது சரி. ரென்னோடு மூன்று இறுதி ஆட்டங்கள், மூன்றிலும் தோல்வி. அது வேறு கதை, அப்புறம் வருகிறேன்.

பிப்ரவரி 10, காலை

திருத்தம். மூன்று இல்லை, இரண்டு. 2013 ஏப்ரலில் லீக் கோப்பை இறுதியில் சேந்த் எதியெனிடம் 0-1, பிராந்தாவோ அடித்த கோல். 2014 மே மாதம் பிரெஞ்சுக் கோப்பை இறுதியில் கேங்கானிடம் 0-2. நான் சேர்த்துவிட்ட மூன்றாவது, 2009இல் அதே கேங்கானிடம் தோற்றது. அப்போது கோஸ்தீல் ரென்னுக்கு வரவே இல்லை. அது நிக்கோலா தூஷேயின் காலம். தூஷே 2011இல் பாரிஸ் சென் ஜெர்மேனுக்குப் போனதால்தான் இவருக்கு இடம் கிடைத்தது.

ரென் ஆட்கள் 2009ஐயும் 2014ஐயும் ஒரே மூச்சில்தான் சொல்வார்கள். இரண்டு முறையும் பக்கத்து ஊர் கேங்கான், ஏழாயிரம் பேர் வாழும் ஊர். எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

பிப்ரவரி 10, இரவு

"எட்டு கிளப்" என்பதை மறுபடி யோசித்தேன். கேள்வி கேட்டவர் ஒரு ஸ்ட்ரைக்கரை அளக்கிற அளவுகோலால் கீப்பரை அளக்கிறார்.

ஒரு அணியில் நடுக்களத்தில் இரண்டு பேர் நன்றாக ஆடினால் இரண்டு பேரையும் இறக்கலாம். மூன்றாமவரை எழுபதாவது நிமிடம் அனுப்பலாம். கீப்பருக்கு அந்த வழி கிடையாது. இடம் ஒன்றே ஒன்று. முதல் கீப்பர் நன்றாக இருந்தால் இரண்டாவது கீப்பருக்கு சீசன் முழுக்க வேலை இல்லை, ஒன்றிரண்டு கோப்பை ஆட்டங்களைத் தவிர. ஆகவே ஆட வேண்டும் என்று நினைக்கிற கீப்பர் ஊர் மாறித்தான் ஆக வேண்டும். கோஸ்தீல் கான் கிளப்பை விட்டு வானுக்கும் செதானுக்கும் போனது அந்தக் கணக்குதான். பிறந்த ஊரில் பெஞ்சில் இருப்பதா, தெரியாத ஊரில் கோலில் நிற்பதா? இருபத்திரண்டு வயதில் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்.

நான் ரென் மைதானத்துக்கு எப்போதும் ஆட்டத்துக்கு ஐம்பது நிமிடம் முன்பே போய்விடுவேன். அப்போது அதற்கு ரூத் து லோரியாங் என்று பெயர், இப்போது ரோஅசோன் பார்க். வாசலில் கலெத் சொசிஸ் வாங்குவோம். கருங்கோதுமை மாவில் சுட்ட மெல்லிய தோசை போன்ற ஒன்று, அதில் சூடான சாசேஜைச் சுருட்டி காகிதத்தில் சுற்றித் தருவார்கள். கடுகுச் சாந்து கேட்டால் மாமா முறைப்பார், உள்ளூர்க்காரர்கள் போட மாட்டார்களாம். அதைக் கையில் பிடித்துக்கொண்டு கோல் வலைக்குப் பின்னால் போய் நின்றுவிடுவோம்.

கீப்பர்கள்தான் முதலில் களத்துக்கு வருவார்கள், மற்றவர்கள் வருவதற்குப் பத்து நிமிடம் முன்பு. முதல் கீப்பர், இரண்டாவது கீப்பர், கீப்பர் பயிற்சியாளர், மூன்றே பேர். முதலில் இருவரும் சமமாகப் பிடிப்பார்கள். இடுப்பு உயரம், நெஞ்சு உயரம், தரையோடு. கொஞ்ச நேரம் கழித்து ஒரு மாற்றம் நடக்கும். இரண்டாவது கீப்பர் கோலை விட்டு வெளியே வந்து பந்துகளை வரிசையாக வைத்து அடிக்க ஆரம்பிப்பார். அதற்கு மேல் அவருடைய வேலை, இன்னொருவரின் கையைச் சூடாக்குவது. சரியான வேகத்தில், சரியான இடத்தில் அடிக்க வேண்டும். மோசமாக அடித்தால் முதல் கீப்பருக்குப் பழக்கம் வராது, அதிகம் அடித்தால் நம்பிக்கை போய்விடும். கடைசியில் சிதறிய பந்துகளை வலைப்பையில் பொறுக்கிப் போட்டுவிட்டு, அதே கையுறையோடு பெஞ்சில் போய் உட்காருவார்.

அந்த இரண்டு வருடமும் வலைக்கு முன் நின்றவர் கோஸ்தீல். பந்து பொறுக்கியவர் வேறு ஒருவர். பத்து வருடம் கழித்து லீலில் கோஸ்தீலே அந்த இடத்துக்கு வந்தார். அதை நினைக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. ஆனால் "வீண்" என்ற சொல் வரவில்லை.

பிப்ரவரி 12

ஒரே மேட்ச் விஷயம். 2016 நவம்பர் 15, லென்ஸ் நகரின் பொலேயர் மைதானம், ஐவரி கோஸ்டோடு நட்பு ஆட்டம், 0-0. கோல் விடாமல் திரும்பினார். அவ்வளவுதான் அவருடைய சர்வதேசக் கணக்கு.

அதே இரவில்தான் அத்ரியாங் ரபியோவும் தோமா லெமாரும் பிரான்சுக்கு முதல்முறை ஆடினார்கள். அடுத்த ஒன்றரை வருடத்தில் அந்த மூன்று பேருக்கும் நடந்ததைப் பாருங்கள். லெமார் 2018இல் உலகக் கோப்பையோடு திரும்பினார். ரபியோவை, யாருக்காவது அடிபட்டால் கூப்பிடுகிற மாற்று ஆட்டக்காரர் பட்டியலில் வைத்தார்கள், அவர் மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கோஸ்தீலும் அதே மாற்றுப் பட்டியலில்தான் இருந்தார். மூன்றாவது கீப்பராகப் போனவர் அரெயோலா.

அதற்கு முன் 2016 யூரோவில் லொரிஸ், மாந்தாந்தாவுக்குப் பின் மூன்றாவது கீப்பராக இருந்தவர் கோஸ்தீல். சொந்த நாட்டில் ஒரு மாதம். இறுதி ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில் போர்த்துகலின் எதெர் கோல் அடித்ததை பெஞ்சில் இருந்து பார்த்தார். மூன்றாவது கீப்பர் ஆட வேண்டுமென்றால் முன்னால் இருக்கும் இருவருக்கும் ஏதாவது ஆக வேண்டும். ஒருவரும் அதை விரும்ப மாட்டார்கள், அவரும் விரும்பியிருக்க மாட்டார். இருந்தும் அது நடக்கக்கூடும் என்று தினமும் தயாராக இருக்க வேண்டும்.

பிரான்சுக்கு இது புதிதல்ல. 1998 உலகக் கோப்பையில் பார்த்தேஸ் கோலில், லாமா இரண்டாவது, லியோனெல் ஷார்பொன்னியே மூன்றாவது. ஷார்பொன்னியே நாட்டுக்காக ஆடியது ஒரே முறை, 1997இல் இத்தாலியோடு 2-2. உலகக் கோப்பையில் ஒரு நிமிடம்கூட இல்லை. இருந்தும் அவர் 98இன் உலகச் சாம்பியன்தான். அவரை வீணாய்ப் போனவர் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. இரண்டு பேருக்கும் நடுவே உள்ள வித்தியாசம், எதெரின் அந்த ஒரு அடி.

பிப்ரவரி 13

நான் ஏன் இவ்வளவு சூடாகப் பேசுகிறேன் என்று ஒருவர் தனியாகக் கேட்டார். சொல்லிவிடுகிறேன்.

காரைக்காலில் பள்ளி அணியில் இரண்டு வருடம் நான் இரண்டாவது கீப்பர். முதல் கீப்பர் என்னைவிட ஒரு வயது பெரியவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். கடற்கரைக்குப் பக்கத்து மைதானம், கோல் வாயில் புல் இருக்காது, மணல்தான். மழைக்கு அடுத்த நாள் அந்த இடம் குழியாகி நீர் தேங்கும். ஆட்டத்துக்கு முன் மணலை வாரிக் குழியை நிரப்புவது என் வேலை. அண்ணன் நிற்கப்போகிற இடத்தை நான் காலால் மிதித்து மிதித்துச் சமமாக்குவேன்.

இரண்டு வருடத்தில் ஒரே ஒரு ஆட்டம் கிடைத்தது. அண்ணனுக்கு அம்மை போட்டிருந்தது. கேட்டதும் முதலில் மகிழ்ச்சி வந்தது. அடுத்த நொடியே வெட்கம் வந்தது. வேப்பிலை கட்டிய அவர் வீட்டு வாசலைத் தாண்டித்தான் மைதானத்துக்குப் போனேன். இரண்டும் சேர்ந்த அந்த உணர்ச்சிக்கு எனக்கு இதுவரை பெயர் தெரியவில்லை. 1-0 என்று ஜெயித்தோம். எனக்கு வந்த பந்துகள் நான்கு. நான்கையும் இப்போதும் வரிசையாகச் சொல்ல முடியும்: ஒன்று நேராக நெஞ்சுக்கு, ஒன்று இடது கைக்குத் தரையோடு, ஒன்று கம்பத்துக்கு மேல் தட்டிவிட்டது, ஒன்று கார்னரில் கூட்டத்துக்கு நடுவே குத்தி விட்டது.

ஒரே ஆட்டம் என்பது கணக்குப் புத்தகத்தில்தான் ஒன்று.

பிப்ரவரி 15

லாந்த்ரோவை எடுத்துக்கொள், அவரோடு ஒப்பிட்டால் கோஸ்தீல் எங்கே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நல்ல கேள்வி.

மிக்கேல் லாந்த்ரோவும் கீப்பர்தான், பிரான்சின் முதல் டிவிஷனான லீக் 1இல் 618 ஆட்டங்கள் ஆடியவர். மொனாக்கோவின் ழான்-லூக் எத்தோரி வைத்திருந்த 602 என்ற சாதனையைத் தாண்டியவர். நாந்த் கிளப்பில் பத்து வருடம், 2001இல் சாம்பியன். பிறகு பாரிஸ், பிறகு லீலில் 2011இல் லீக், பிரெஞ்சுக் கோப்பை என்று இரட்டை வெற்றி, கடைசியில் பாஸ்தியா. கோப்பைக் கணக்கில் கோஸ்தீல் பக்கத்தில்கூட வர முடியாது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அவர் வாழ்க்கையிலும் இரண்டாம் இடம் இருந்தது. பிரான்சுக்கு 11 ஆட்டங்கள்தான். 2006 உலகக் கோப்பையிலும் 2014 உலகக் கோப்பையிலும் மூன்றாவது கீப்பர். லீலில் 2012இல் இடம் பறிபோனது, எலானா முதல் கீப்பரானார். அந்த டிசம்பரில் கிளப்பை விட்டு பாஸ்தியா போனார்.

எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இரண்டு பெனால்டிகள். முதலாவது 1996 அக்டோபர் 2. பதினேழு வயதுப் பையன், முதல் லீக் ஆட்டம், கோர்சிகாவின் ஃபூரியானி மைதானத்தில், பாஸ்தியாவுக்கு எதிராக. மொராவ்சிக் அடித்த பெனால்டியைப் பிடித்துவிட்டார், ஆட்டம் 0-0. பதினெட்டு வருடம் கழித்து, 2014இல், அதே பாஸ்தியாவின் கீப்பராக ஆட்டத்தை விட்டார். எங்கே எதிராளியாகத் தொடங்கினாரோ அங்கேயே வீட்டுக்காரராக முடித்தார்.

இரண்டாவது 2004 லீக் கோப்பை இறுதி, சோஷோவுக்கு எதிராக. பெனால்டி சுற்றில் தானே அடிக்கப் போனார். உள்ளே போயிருந்தால் கோப்பை நாந்துக்கு. மெல்லத் தூக்கிவிட்டார், பனென்கா அடி. எதிரே இருந்த தெதி ரிஷேர் அசையாமல் நின்று பிடித்துவிட்டார். கோப்பை சோஷோவுக்குப் போனது. 618 ஆட்டம் ஆடியவரிடமும் மக்கள் அந்த ஒரு அடியைத்தான் கேட்கிறார்கள். கீப்பர் ஒருவர் இன்னொரு கீப்பரிடம் ஏமாந்தது எனக்கு இன்றும் வலிக்கும்.

பிப்ரவரி 16

இரவு முழுக்க இது ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றை நான் மூடி மறைத்துவிட்டேன்.

2019 ஏப்ரல் 27. ரென், பிரெஞ்சுக் கோப்பை இறுதி, எதிரே பாரிஸ். 0-2 என்று பின்தங்கி 2-2 ஆக்கி, பெனால்டி சுற்றில் 6-5. என்குங்கு கடைசியாக அடித்தது கம்பத்துக்கு மேலே போனது. 1971க்குப் பிறகு ரென்னுக்குக் கிடைத்த முதல் பெரிய கோப்பை. கோலில் நின்றவர் தோமாஷ் கோவுபெக். 2017இல் கோஸ்தீல் போன இடத்துக்கு செக் நாட்டில் இருந்து வந்தவர்.

அன்று இரவு மாமா போனில் அழுதார். எழுபது வயதுக்காரர். நடுவில் திடீரென்று நிறுத்தி, "மாப்ள, அந்தப் பையன் இருந்திருக்கணும்டா" என்றார். யாரைச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. ஆறு வருடம், இரண்டு இறுதித் தோல்வி, போய் இரண்டே வருடத்தில் கோப்பை.

ஆகவே கேள்வி கேட்டவரிடம் ஒரு பாதியை ஒப்புக்கொள்கிறேன். இழப்பு இருக்கிறது. பெரிய இழப்புதான். முதல் நாள் நான் எழுதியபோது அப்படி ஒன்று இல்லாதது போலப் பேசினேன், அது தவறு. இழப்பு இருந்தால் வாழ்க்கையே வீண் என்று ஆகாது என்பதுதான் என் கட்சி.

பிப்ரவரி 19

பொர்தோ பற்றி இரண்டு பேர் கேட்டார்கள். 2021-22 சீசனில் அந்த அணி 91 கோல் வாங்கி கடைசி இடத்தில் முடித்து இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. 1992இல் இருந்து விடாமல் மேலே இருந்த கிளப். அப்போது அங்கே கீப்பர் கோஸ்தீல். அவர் மேல் பழி போடுவது எளிது.

91 கோலை ஒரு கீப்பரால் வாங்க முடியாது. முன்னால் இருக்கும் பத்து பேரும் சேர்ந்து உடைந்தால்தான் அது வரும். கிளப்பின் பணக் கணக்கே ஆட்டம் கண்டிருந்தது. பிரெஞ்சுக் கால்பந்தின் நிதிக் கண்காணிப்புக் குழு அந்தக் கோடையில் அவர்களை மூன்றாம் டிவிஷனுக்குத் தள்ளி, பல கட்ட முறையீடுகளுக்குப் பிறகுதான் இரண்டாம் டிவிஷனில் விட்டார்கள். 2024இல் இன்னும் கீழே, நான்காம் டிவிஷனுக்குப் போய்விட்டது. கோஸ்தீல் கிளம்பி இரண்டு வருடம் கழித்தும் சரிவு நிற்கவில்லை. அப்படியானால் ஓட்டை கையுறையில் இல்லை, கல்லாப்பெட்டியில்.

பிப்ரவரி 20

சின்னக் குறிப்பு. லீலில் கோஸ்தீல் ஆடியது மிகக் குறைவு. அங்கே முதல் கீப்பராக எழுந்தவர் லூக்கா ஷெவாலியே, 2001இல் பிறந்தவர், இவரைவிடப் பதினான்கு வயது சின்னவர். 2025இல் ஷெவாலியே பாரிஸ் சென் ஜெர்மேனுக்குப் போனார். முதல் டிவிஷனில் அவருடைய முதல் சீசனில், அதே பயிற்சி மைதானத்தில் கூட இருந்த மூத்த கீப்பர் கோஸ்தீல். இதற்கெல்லாம் எந்தப் பட்டியலிலும் எண் கிடையாது. 10ஆம் தேதி எழுதிய பந்து பொறுக்குகிற ஆளை மறுபடி வாசித்துப் பாருங்கள்.

அடுத்தது சலெர்னித்தானா. மெக்சிகோவின் ஒச்சோவா முதல் கீப்பர். சில ஆட்டங்கள் கிடைத்தன, அணி கடைசி இடம். 36 வயதில் மொழி தெரியாத நாட்டுக்கு இரண்டாவது கீப்பராகப் போக ஒருவருக்கு ஆட்டத்தின் மேல் எவ்வளவு ஆசை இருக்க வேண்டும்?

பிப்ரவரி 23

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, "வீண் என்பதை எடுத்துவிடுகிறேன், ஆனால் அந்த ஒரு மேட்சை யார் நினைவு வைத்திருக்கிறார்கள்?" என்கிறார்.

நான் அங்கே இருந்தேன். இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், எப்படியோ தள்ளிப்போனது. 2016இல் எனக்கு லீலில் வேலை. லென்ஸ் அங்கிருந்து ரயிலில் போய்வருகிற தூரம். கோஸ்தீல் ஆடக்கூடும் என்று செய்தி வந்ததும் மாமாவுக்குப் போன் செய்தேன். மறுநாள் மாலை ரென்னில் இருந்து வந்து இறங்கினார், கழுத்தில் ரென்னின் சிவப்பு-கறுப்புத் துண்டு. "பிரான்ஸ் மேட்சுக்கு நீலம்தான் மாமா போடணும்" என்றேன். "நான் பிரான்சைப் பார்க்க வரல" என்றார்.

ஆட்டம் மந்தம். நவம்பர்க் குளிர், கைவிரல் மரத்துப்போகிற குளிர். எண்பதாவது நிமிடத்துக்கு மேல் எங்கள் வரிசையில் பலர் ரயிலைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார்கள். விசில் அடித்ததும் மாமா எழுந்து நின்று கை தட்ட ஆரம்பித்தார். விடாமல் தட்டினார். முன்வரிசையில் கோட்டு மாட்டிக்கொண்டிருந்த ஒருவர் திரும்பி, கோலே விழவில்லையே, யாருக்குத் தட்டுகிறீர்கள் என்று கேட்டார்.

மாமா பிரெஞ்சில் பதில் சொன்னார். பிறகு எனக்குத் தமிழில் அதையே சொன்னார்: "எங்க ஊர் கீப்பர்."